துரும்பு ஒன்று, துண்டு இரண்டு

வெளிநாட்டுக் காரியமாகப் போகிறேன் என்று சொன்னதும் பக்கத்து வீட்டுக்காரர் என் பெட்டியைப் பார்த்தார். பெட்டி சிறியது. போன இடமும் சித்தூர்தான். ஆனாலும் காரியம் வெளிநாட்டுடையது என்பதில் சந்தேகமில்லை. ரெயூனியன் என்று ஒரு தீவு. ஆப்பிரிக்காவுக்குக் கிழக்கே கடலில் கிடக்கிறது, பிரெஞ்சுக்காரர்களுடையது. அட்லஸைப் பார்த்துத்தான் நானும் தெரிந்துகொண்டேன்.

எங்கள் வீட்டுக்குப் பால் கொடுக்கும் கன்னியம்மாளின் புருஷன் ஆறுமுகம் அங்கே ஒரு சர்க்கரை ஆலை ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர். புதுச்சேரிக்காரன், பிரெஞ்சுப் பிரஜை. மனைவியை அழைத்துக்கொள்ள விண்ணப்பித்திருந்தான். புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சுக்காரர்களின் அலுவலகத்திலிருந்து அவளுக்கு ஒரு கடிதம் வந்தது. ஒரு நாள் காலை பாலை ஊற்றிவிட்டு நகராமல் நின்று அதை நீட்டினாள்.

கன்னியம்மாளுக்கு ஆறுமுகம் இரண்டாவது புருஷன். முதல் கல்யாணம் கோர்ட்டில் ரத்தானதற்கு ஆதாரம் வேண்டும். அப்படி ரத்தானது அந்தப் பிரதேசத்தின் சட்டப்படி செல்லும் என்று சட்டம் படித்த ஒருவர் கையெழுத்திட்ட வழக்கச் சான்றிதழும் வேண்டும். ஆவணி முடிவதற்குள் இரண்டும் வராவிட்டால் அவள் பெயர் பட்டியலிலிருந்து நீக்கப்படும்.

“நீக்கினா இன்னா ஆவும் ஐயா?”

“அவன் அடுத்த விடுப்பில் வந்து புதிதாக விண்ணப்பிக்க வேண்டும்.”

“அது மூணு வருசம் கழிச்சி. எனக்கு இப்பவே முப்பத்தாறு ஆவுது.”

நான் ஒரு ஜில்லா கோர்ட்டில் தலைமைக் குமாஸ்தாவாக, அதாவது சிரஸ்தாராக இருந்து ஓய்வுபெற்றவன். எந்த ஜில்லா என்பது இங்கே வேண்டாம். இனி எந்தக் கோர்ட் படியும் ஏறுவதில்லை என்று முடிவு செய்திருந்தேன். என் மனைவிக்கு அந்த முடிவில் சம்மதமில்லை. மறுநாளைக்குப் புளிச்சாதம் கட்டிவிட்டாள்.

போவதற்கு முன் ஒரு விஷயம். கன்னியம்மாளின் சாதியில் புருஷன் பெண்டாட்டி பிரிவதென்றால் ஊர்க்கூட்டத்தின் முன் ஒரு துரும்பைக் கிள்ளி இரண்டாகப் போடுவார்கள். அத்தோடு தீர்ந்தது. அவளுக்கும் அப்படித்தான் தீர்ந்தது. முதல் புருஷன் பிறகு மனம் மாறி, பெண்டாட்டி தன்னோடு வந்து வாழவேண்டும் என்று வழக்குப் போட்டான்; துரும்பு கிள்ளியதோடு கல்யாணம் முறிந்தது செல்லும் என்று கோர்ட் சொல்ல, தோற்றான். பிரெஞ்சுச் சட்டத்தில் கல்யாணம் மேஜைமேல் நடக்கிறது, மேஜைமேலேயே முடிகிறது. நம்மிடம் இரண்டும் ஊர் கண்ணெதிரே நடக்கின்றன. அதைக் காகிதத்தில் காட்டு என்று மேஜைக்காரன் கேட்டால், பழைய வழக்கின் தீர்ப்பு ஒன்றுதான் கதி.

வழக்கு நடந்தபோது அவள் ஊர் ஆந்திராவில் சித்தூர் ஜில்லாவில் இருந்தது. எல்லை உடன்பாட்டுக்குப் பிறகு சென்னை ராஜ்யத்துக்கு வந்துவிட்டது. நிலம் கைமாறினால் அதன் காகிதங்களும் பின்னால் போகவேண்டும் என்பது சர்வதேசச் சட்டத்தில் பழைய விதி. எவ்வளவு பின்னால் என்று யாரும் சொல்லி வைக்கவில்லை. என் பழைய அலுவலகத்தில் விசாரித்தேன். ‘மேற்படி கட்டு இதுவரை பெறப்படவில்லை’ என்று பதில் வந்தது. வாசகம் கச்சிதமாக இருந்தது. நான் பழக்கிய பையன் எழுதியது.

முதல் நாள் ரயிலில் கன்னியம்மாள் பெண்கள் பெட்டியில் ஏறிக்கொண்டாள். நான் ஒரு பலாப்பழ மூட்டைக்கும் ஜன்னலுக்கும் நடுவே இடம்பிடித்தேன். திருத்தணி தாண்டியதும் ராஜ்யம் மாறுகிறது. எந்த இடத்தில் என்று பார்த்துவிட ஆசைப்பட்டு ஜன்னலை விட்டு நகராமல் இருந்தேன். வயல், பனைமரம், மறுபடி வயல். எதிரே இருந்த ஒருவர் புத்தூரில் இறங்கும்வரை மனைவியோடு தமிழில் சண்டை போட்டுக்கொண்டு வந்தார். இறங்கிய பிறகு கூலியாளோடு அதே சண்டையைத் தெலுங்கில் தொடர்ந்தார். எங்கேயும் குரல் தடுமாறவில்லை.

ரேணிகுண்டாவில் திருப்பதி வண்டி எங்களுக்காகக் காத்திருக்கவில்லை. அடுத்த வண்டி எப்போது என்று கேட்டால் ஒருவர் வடக்கே கை காட்டினார், இன்னொருவர் மேலே. இரண்டு மணி நேரம். நான் ஸ்டேஷனில் வடை தின்றேன், அது தவறு. கன்னியம்மாள் கொண்டுவந்த கேழ்வரகுக் களி உருண்டையை வேர்க்கடலைத் துவையலோடு தின்றுவிட்டுத் தூங்கினாள். கடைசியில் பஸ்ஸில் போனோம்.

சான்றிதழ் கொடுக்கத் தகுந்தவர் திருப்பதியில் இருந்தார். அந்த வழக்கில் தீர்ப்பெழுதிய முன்சீப், தேசிகாச்சாரி. கோயில் கைங்கரியக் குடும்பம். ஓய்வுபெற்றபின் மாட வீதிக்குப் பின்னால் இருந்த சொந்த வீட்டுக்கே வந்துவிட்டார். கண் மங்கியிருந்தது. ஞாபகம் மங்கவில்லை.

“அந்தக் கேஸா? மறப்பேனோ? துரும்பை எக்ஸிபிட்டா மார்க் பண்ணின முன்சீப் இந்த ஜில்லாவிலே நான் ஒருத்தன்தான். நாட்டாண்மைக்காரன் மஞ்சள் துணியிலே முடிஞ்சு வெச்சிருந்தான். கொண்டா, அதுவும் ஒரு தஸ்தாவேஜுதான்னேன். வக்கீல் சிரிச்சார். நான் சிரிக்கலை.”

துரும்பு கோர்ட்டில் சான்றுப் பொருளானது என்று காதில் விழுந்ததும் என் வயிற்றில் ஏதோ அசைந்தது. ரேணிகுண்டா வடை என்று நினைத்துக்கொண்டேன்.

“சான்றிதழ் தருவீர்களா?”

“தர்றேன். புது ஹிந்துக் கல்யாணச் சட்டமும் வழக்கத்தை விட்டுவெச்சிருக்கு. ரெண்டு வரியிலே எழுதிடலாம். ஆனா தீர்ப்பு நகல் கூட வெக்கணும். நகல் இல்லாம வெறும் என் வாய்வார்த்தைக்குக் கையெழுத்துப் போட மாட்டேன். ஓய், நீர் சிரஸ்தாரா இருந்தவர், உமக்குத் தெரியாதா?”

தெரியும். இதே வாக்கியத்தை நான் எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன் என்பதும் தெரியும். அவர் வீட்டில் தயிர்சாதம் போட்டார்கள், சாப்பிட்டோம். கிளம்பும்போது கன்னியம்மாளிடம், “உன் முதல் ஆம்படையான் எப்படி இருக்கான்?” என்று விசாரித்தார்.

“வேற ஒண்ணக் கட்டிக்கினான் சாமி. அதுவும் பூடுச்சி.”

“அதுக்கும் துரும்பா?”

“இல்ல சாமி. அது சொல்லாமயே பூடுச்சி.”

இரண்டாம் நாள் சித்தூர் பஸ். சந்திரகிரி தாண்டி ஒரு மேட்டில் எஞ்சின் கொதித்து நின்றது. டிரைவர் குடத்தைத் தூக்கிக்கொண்டு கிணறு தேடிப் போனார். எல்லோரும் இறங்கிப் புளியமர நிழலில் நின்றோம்.

எங்களோடு காணிப்பாக்கம் போகிற அண்ணன் தம்பி இருவர் இருந்தார்கள். வரப்பில் உள்ள ஒரு மரம் யாருடையது என்று தகராறு. கோயில் குளத்தில் முழுகி, பிள்ளையார் முன்னால் நின்று சத்தியம் செய்யப் போகிறார்கள். பேச்சு தெலுங்கில்.

“நீ முழுகி எழுந்து, மரம் என்னுடையது என்று சொல்லு. நான் அப்படியே வீட்டைப் பார்த்துப் போகிறேன்” என்றான் அண்ணன்.

“சொல்லத்தான் போகிறேன்.”

“சொல்லு. நான் ஒன்றும் தடுக்கவில்லையே.”

நிழலில் நின்ற ஒருவர், “முடிவு பிடிக்காவிட்டால் அப்பீல் உண்டா?” என்று கேட்டார்.

“பிள்ளையாருக்கு மேலே எந்தக் கோர்ட் இருக்கிறது?” என்றான் தம்பி. பிறகு இருவரும் ஒரே தூக்கிலிருந்து எடுத்துச் சாப்பிட்டார்கள்.

கன்னியம்மாள் இதைக் கவனித்துக்கொண்டிருந்தாள். “ஐயா, நானும் அங்க எறங்கி ஒரு முழுக்குப் போட்டு சத்தியம் பண்ணிடறேன். அறுத்துக்கினுதான் இவரக் கட்டிக்கினேன்னு சொல்றேன். அத எழுதி அனுப்பிடுங்களேன்.”

“பிரெஞ்சுக்காரன் அதை ஒப்புக்கொள்ள மாட்டான்.”

“ஏன், பொய்ச் சத்தியம் பண்ணா இன்னா ஆவும்னு அவனுக்குத் தெரியாதா?”

“தெரியாது. அவர்கள் ஊரில் பொய் சொன்னால் அபராதம்தான்.”

“அவ்ளோதானா?” என்றாள். அந்தத் தேசத்துக்குப் போவது பற்றி முதல் தடவையாக அவளுக்கு யோசனை வந்ததுபோல் தெரிந்தது.

சித்தூரில் அவளுக்குச் சின்னம்மா வீடு இருந்தது. அவளை அங்கே விட்டுவிட்டு நான் நேரே கோர்ட்டின் பதிவறைக்குப் போனேன். ரிக்கார்டு கீப்பர் நரசிம்முலுவுக்கு ஐம்பது வயதிருக்கும். கண்ணாடியின் ஒரு காது நூலில் நின்றது. “ரண்டி சார், கூர்ச்சோண்டி” என்று உட்காரச் சொல்லி நாற்காலியில் இருந்த காகிதக் கட்டைக் கீழே இறக்கினார். வழக்கு எண்ணைச் சொன்னதும் புத்தகத்தைப் புரட்டவில்லை. மூலையைக் காட்டினார். அங்கே சுவரோரமாக நாற்பது நாற்பத்தைந்து கட்டுகள் அடுக்கியிருந்தன.

“எல்லைக் கட்டுங்க சார். உங்க ராஜ்யத்துக்குப் போன கிராமத்துக் கேசு எல்லாம் இதுல இருக்குது. இங்கருந்து அனுப்பினோம். அங்க வாங்கல. திரும்பி வந்துடுச்சி. எங்க ரிஜிஸ்டர்ல அனுப்பினதுன்னு இருக்குது, அவங்க ரிஜிஸ்டர்ல வரவே இல்ல. இப்ப இதுக்கு ராஜ்யமே இல்ல. நகல் கேட்டா நான் எந்தக் கணக்குல குடுக்கறது?”

“ஏன் வாங்கவில்லை?”

மேலே இருந்த காகிதத்தை எடுத்துக் கொடுத்தார். ஆங்கிலத்தில் டைப் அடித்திருந்தது. தமிழில் சொன்னால் இதுதான்: ‘பட்டியலில் பதினேழாம் இனம் துரும்பு ஒன்று என்றுள்ளது. உறையைப் பரிசோதித்ததில் துரும்புகள் இரண்டு காணப்படுகின்றன. இம்முரண்பாட்டுக்கு விளக்கம் பெறப்படும்வரை கட்டுகள் அனைத்தும் ஏற்கப்படாமல் திருப்பி அனுப்பப்படுகின்றன.’ கீழே கையெழுத்து. என்னுடையது.

வடையின் மேல் பழி போட்டது தவறு.

“இவரு யாருன்னு தெரியுமா சார்?” என்று நரசிம்முலு கையெழுத்தைத் தொட்டுக் கேட்டார். “ரெண்டு வருசமா ஒரு தடவ பாத்துடணும்னு ஆச.”

“பார்த்து என்ன செய்வீர்கள்?”

“ஒண்ணும் செய்யமாட்டேன். காபி வாங்கிக் குடுத்து, எந்த வாத்தியார் கிட்ட படிச்சீங்கன்னு கேப்பேன்.”

நான் நாளை வருகிறேன் என்று எழுந்துகொண்டேன். அன்று மத்தியானம் சாப்பிட்ட ஓட்டலில் கோங்குரா ஊறுகாய் நன்றாக இருந்ததாக டைரியில் எழுதியிருக்கிறேன். ருசி ஞாபகமில்லை.

எல்லைக் கட்டுகள் வந்து இறங்கிய நாள் இப்போது நன்றாக ஞாபகம் வந்தது. மாலை ஐந்து மணி. பட்டியலை ஒப்பிட்டு எல்லாம் சரியாக இருந்தால் கட்டுகளை ஏற்க வேண்டும்; ஏற்றால் அடுக்க அலமாரி வேண்டும்; அலமாரி இல்லை. ஒரு பிழை அகப்பட்டால் போதும் என்று தேடினேன். பதினேழாம் இனம் அகப்பட்டது. அது என்ன வழக்கு, துரும்பு அங்கே ஏன் வந்தது என்று ஒரு பக்கம் புரட்டிப் பார்த்திருந்தாலும் தெரிந்திருக்கும். அன்றைக்கு அந்த ஒரு வரியை எழுதி முடித்ததில் எனக்கு இருந்த திருப்தியும் ஞாபகம் வந்தது.

மூன்றாம் நாள் கன்னியம்மாளும் வந்தாள். சின்னம்மா வீட்டில் யாரோ, ராஜ்யம் மாறிய காகிதம் கிடைக்கவே கிடைக்காது என்று சொல்லியிருந்தார்கள். பதிவறை வாசலில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

நரசிம்முலு கட்டைப் பிரித்தார். தீர்ப்பு முழுசாக இருந்தது. எக்ஸிபிட்டுகள் அடியில் இருந்தன. “உறைல இருக்கறத ஒரு தடவ பாத்துடுங்க சார். என் கண்ணு சரியில்ல” என்று என்னிடம் கொடுத்தார்.

பழுப்பு உறை. உள்ளே மஞ்சள் துணி, அதற்குள் ஒரு விரல் நீளத்துக்கு இரண்டு துண்டு சோளத்தட்டைச் சிம்பு. நான் துணியை மேஜைமேல் விரித்து, ஒரு துண்டை இரண்டு விரலால் எடுத்தேன். சத்தமில்லாமல் அது பாதியாக உடைந்தது.

மூவரும் மேஜையைப் பார்த்தோம். மூன்று துண்டுகள்.

கோர்ட் எக்ஸிபிட்டை உடைத்தவன் யார் என்று எழுதி, உயர் அதிகாரிக்கு அறிக்கை அனுப்பி, உத்தரவு வரும்வரை கட்டை மூடி வைக்கவேண்டும். உத்தரவு வர எவ்வளவு நாளாகும் என்று என்னைவிடத் தெரிந்தவர் யாரும் இல்லை. ஆவணி முடியப் பன்னிரண்டு நாள் இருந்தது. சின்னத் துண்டு என் கட்டை விரலருகே கிடந்தது. ஒரு தும்மல் போதும், பறந்துவிடும். முப்பத்துநாலு வருஷக் கோர்ட் பழக்கத்தில் முதல் தடவையாக நான் தும்மலாமா என்று யோசித்தேன்.

கன்னியம்மாள் உள்ளே வந்து குனிந்து பார்த்தாள். “இதுக்கா இப்பிடி முழிச்சிக்கினு கீறீங்க? ஒடஞ்சது ஒடஞ்சதுதான். எத்தினி துண்டா இருந்தா இன்னா?”

நரசிம்முலு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு மெதுவாக, “சார், எங்க பக்கம் கேசுல கஞ்சா, சாம்பல், தலமுடி இதெல்லாம் வந்தா பொட்டலத்தத்தான் எண்ணுவோம். உள்ள எத்தன முடின்னு எண்ணமாட்டோம். உங்க பக்கம் எப்படி?”

“எங்கள் பக்கமும் பொட்டலத்தைத்தான்.”

“வேற சட்டமோ?”

“ஒரே சட்டம். ஒரே புத்தகம். பக்க எண் கூட ஒன்றுதான்.”

அந்த விதியை நான் இரண்டு பேருக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறேன். உறை ஒன்று என்று எழுதினால் தீர்ந்தது; உள்ளே துரும்பு இரண்டானால் என்ன, இருநூறானால் என்ன? இரண்டு ராஜ்யங்களின் நடைமுறையை ஒப்பிட்டு நான் செய்த ஆராய்ச்சியின் முடிவு இவ்வளவுதான்: வித்தியாசம் எல்லையில் இல்லை, நாற்காலியில் இருக்கிறது.

“நேற்று நீங்கள் பார்க்க ஆசைப்பட்டவன் நான்தான்” என்றேன்.

நரசிம்முலு கையெழுத்தையும் என்னையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். கன்னியம்மாளுக்கு விளங்கவில்லை, விளக்கினேன். உன் கட்டு இரண்டு வருஷத்துக்கு முன்பே என் கைக்கு வந்தது. நான்தான் திருப்பி அனுப்பினேன். காரணம் இந்தத் துரும்பு.

அவள் மேஜைமேல் கிடந்த மூன்று துண்டுகளையும் பார்த்தாள். கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

“ரெண்டு வருசமா உங்க வூட்டுக்குத் தண்ணி கலக்காத பால் ஊத்திக்கினு கீறேன் ஐயா” என்றாள்.

நான் காகிதம் கேட்டு வாங்கி எழுதினேன். ‘பதினேழாம் இனம்: உறை ஒன்று. உள்ளிருப்பது ஒரே துரும்பு. அது முறிந்திருப்பதே வழக்கின் விஷயம் என்பதைப் படிக்காமல் ஆட்சேபணை எழுப்பப்பட்டது. ஆட்சேபணை தவறு. இன்று பரிசோதித்தபோது கீழே கையெழுத்திட்டவன் விரல்பட்டு மேலும் ஒரு துண்டாயிற்று.’ பெயரெழுதி, ‘மாஜி சிரஸ்தார்’ என்று போட்டேன். ஓய்வுபெற்றவன் எழுதிய விளக்கத்துக்கு மதிப்பில்லை என்று எந்தப் பையனும் திருப்பி அனுப்பலாம். நானாக இருந்தால் அனுப்பியிருப்பேன்.

நரசிம்முலு இரண்டு தடவை படித்தார். “எழுதினவரே தப்புன்னு எழுதிக் குடுத்தா எனக்குப் போதும். அங்க ஏத்துக்கலன்னா கட்டு போகல, போகலன்னா இங்கதான் இருக்குது. நகல் குடுக்கறேன்” என்று கடைசி வரியின் ஓரத்தில் சுருக்கொப்பம் போட்டார். நகல் எழுத மாலையாகிவிட்டது. சொன்னபடி காபி வாங்கிக் கொடுத்தார். வாத்தியார் யார் என்று கேட்கவில்லை.

நகல் கையில் வந்ததும் கன்னியம்மாள், “இதுல எம் பேரு எங்க கீது?” என்றாள். காட்டினேன். விரலை அதன்மேல் வைத்துக் கொஞ்ச நேரம் இருந்தாள். “இவரு பேரு?”

“இல்லை. இது பழைய வழக்கு. அவன் பெயரைப் பிரெஞ்சுக்காரன்தான் எழுதவேண்டும்.”

நாலாம் நாள் தேசிகாச்சாரி நகலைக் கண்ணருகே வைத்து, தம் தீர்ப்பைத் தாமே ரசித்துப் படித்துவிட்டுச் சான்றிதழில் கையெழுத்திட்டார். அதில் ‘துரும்பை இரண்டாகக் கிள்ளிப் போடுவது’ என்று எழுதியிருந்தார். மூன்றாவது துண்டைப் பற்றி நான் அவரிடம் சொல்லவில்லை. திரும்பும் ரயிலிலும் எல்லையைத் தேடினேன். தூங்கிப்போய்விட்டேன்.

காகிதங்கள் புதுச்சேரிக்குப் போய்ச் சேர்ந்தபோது ஆவணியில் ஐந்து நாள் மிச்சமிருந்தது. கார்த்திகையில் கன்னியம்மாள் கப்பலேறினாள். கிளம்பும் அன்று காலையிலும் பால் கொண்டுவந்தாள். எருமைகளைத் தன் மைத்துனனிடம் ஒப்படைத்திருப்பதாகச் சொன்னாள்.

இப்போது அவன்தான் பால் கொடுக்கிறான். தண்ணீர் அதிகம். நான் இதுவரை ஆட்சேபணை எதுவும் எழுப்பவில்லை.